வரைபடங்களை வாசகர் வீட்டுக்கே அனுப்பிவைத்த எங்கள் பிரிவுத் தலைவிக்கு

மடித்தால் முறியும் மலைகளையும் விரித்தால் கிழியும் வீதிகளையும் மழலையைத் தூக்குவதுபோல் தூக்கிக் காத்த மாண்பாளரே! அலமாரிக்குள் சுருண்டு கிடந்த ஆறுகளை அகிலத்தின் திரைகளில் ஓடவிட்ட ஆற்றலாளரே! தூசியில் தும்மித் தும்மியே தொண்டாற்றிய தூயவரே! அன்பால் எங்களை ஆண்டவரே, அவ்வப்போது ஆட்டியும் படைத்தவரே, அக்காவே! வரைபடப் பிரிவில் பணிபுரியும் நாங்கள் எல்லோரும் கைகூப்புகிறோம். முதலில் ஒரு வேண்டுகோள். இந்த மடலைத் தாங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும், நடுவில் எழுந்துவந்து திருத்தக் கூடாது.

முப்பதாண்டுகளுக்கும் மேலாக முகம் சுளிக்காமல் உழைத்த தங்களுக்குப் பணி நிறைவு நெருங்க நெருங்க ஒரே ஒரு கவலைதான் இருந்தது என்பதை நாங்கள் அறிவோம். “நான் போனப்புறம் இணைய மேசை என்னடி ஆகும்?” என்று டீ ஆறிப்போகும்வரை கேட்பீர்கள். காரணமில்லாத கவலையும் அல்ல. தங்கள் இடத்துக்கு ஆள் போடப்போவதில்லை, வரைபடம் கேட்டு அழைப்போருக்குப் பதில் சொல்லும் அந்த மேசையையும் மூடிவிடலாம் என்று நூலகத் தலைவர் சொல்லியிருந்தார். இதோ, மேடையில் தங்கள் பக்கத்தில் ஒன்றும் அறியாதவர்போல் அமர்ந்திருக்கிறாரே, அவரேதான். “அந்தம்மா கூட வந்தது, அந்தம்மா கூடவே போயிடட்டும்” என்று அவர் தரைத்தளத்தில் சொன்னது மூன்றாம் மாடிவரை கேட்டது.

அந்த மேசை எப்படி வந்தது என்பதை இங்கே கூடியிருப்போர் அறிய வேண்டும். எங்கள் பிரிவு மூன்றாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. ஒருநாள் சக்கர நாற்காலியில் ஒரு தையல்கார அம்மா வந்தார். மழை பெய்தால் அவர் கடைக்குள் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது, தையல் மெஷின் துருப்பிடிக்கிறது, வாடிக்கையாளர் துணி நனைகிறது. அந்தத் தெருவுக்கு அடியில் பழைய வாய்க்கால் ஒன்று இருந்ததாம், அது எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்க்க வேண்டுமாம். படமோ கட்டில் அகலம். மாடிப்படி வளைவில் திருப்பினால் கிழிந்துவிடும். தாங்கள் கீழே இறங்கிப்போய் அதைச் சொன்னீர்கள். அவர் கோபப்படவில்லை. “படம் கீழ வராது, நான் மேல வர முடியாது. சரிம்மா, அப்ப நாங்க ரெண்டு பேரும் எங்கதான் பாத்துக்கிறது?” என்று சிரித்தார்.

மறுநாளே தொடங்கியது தங்கள் தவம்! கெஞ்சிக் கூத்தாடி ஸ்கேனர் வாங்கினீர்கள். சுருள் சுருளாக விரித்து, சுருக்கம் நீக்கி, சோர்வே அறியாமல் படமெடுக்க வைத்தீர்கள். ஆனால், பெருந்தகையீர், பாராட்டு மடல் என்பதற்காகத் தங்கள் பிழையை விழுங்கிவிட எங்களால் முடியாது. பக்கத்துப் பக்கத்துப் படங்களைத் திரையில் ஒட்டிப்பார்த்தபோது நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தது. அழகில் தங்களுக்கு எப்போதும் ஒரு பித்து. “என்னப்பா இது, சன்னல் கம்பி மாதிரி? ஸ்கேன் எடுக்கும்போதே ஓரத்த விட்டுடுங்க, படம் மட்டும் போதும்” என்று ஆணையிட்டீர்கள். நாங்களும் விட்டோம். ஆறும் சாலையும் அறுபடாமல் ஓட, பார்த்தவரெல்லாம் சொக்கிப்போனார்கள். இணையதளத் திறப்பு விழாவில் நூலகத் தலைவர் பேசிய பேச்சு இன்னும் எங்கள் காதில் ஒலிக்கிறது, அவ்வளவு நீளம்.

விழா முடிந்த வாரமே தையல்கார அம்மா தொலைபேசியில் அழைத்தார். வாய்க்காலைத் திரையில் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி அவர் குரலில் துள்ளியது. “அம்மா, இதுல ஒரு விரக்கடைன்னா தெருவுல எவ்வளவு தூரம்? நாளைக்கு ஆள் வச்சுத் தோண்டப் போறோம்” என்றார். “கீழ் ஓரத்துல அளவு போட்டிருக்கும் பாருங்க” என்று சொல்ல வாயெடுத்த தாங்கள் அப்படியே நின்றீர்கள். ஓரத்தில்தானே அளவு இருக்கும்! அளந்த ஆண்டும், குறியீடுகளுக்கு விளக்கமும் அங்கேதானே இருக்கும்! உலகுக்கே வரைபடம் கொடுத்தோம், அதில் எது எவ்வளவு தூரம் என்பதை மட்டும் கொடுக்கவில்லை. வரைபடத்தோடு வாழ்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை, ஏனென்றால் அளவெல்லாம் நமக்கு மனப்பாடம்.

வேறொருவராக இருந்திருந்தால் மூடி மறைத்திருப்பார். தாங்கள் நேரே தலைவர் அறைக்குப் போய், தளத்தை நிறுத்த வேண்டும், எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும் என்றீர்கள். அவர் கொதித்தார். “விழாவுக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலியே இன்னும் திரும்பிப் போகல, அதுக்குள்ள மூடணுமா? யாரும்மா கவனிக்கப் போறா?” தாங்கள் சொன்ன பதிலை எங்கள் பிரிவில் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். “கவனிக்க மாட்டாங்க சார். கவனிக்காம தப்பான இடத்துல தோண்டுவாங்க. அதான் பயமா இருக்கு.” மூடினால் மூடியதுதான், மறுபடி திறக்க மாட்டேன் என்று அவரும் முடிவாகச் சொன்னார். தாங்கள் மூடினீர்கள். தளத்தில் ‘ஓரங்களை விடச் சொன்னது நானே, பொறுத்தருள்க’ என்று பிரிவுத் தலைவி என்ற முறையில் அறிவிப்பும் போட்டீர்கள். எங்கள் யார்மீதும் ஒரு சொல் விழவில்லை. அந்த ஒன்றுக்காகவே ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறோம், அக்கா.

ஆனால் இப்போதைக்குத் தோண்டாதீர்கள் என்று தாங்கள் நிறுத்திவைத்த தையல்கார அம்மா காத்திருக்க முடியுமா? மழைக்காலம் வாசலில் நிற்கிறது. தாங்கள் மூலப்படத்தை மேசையில் விரித்தீர்கள். எங்கள் பிரிவில் கிழிந்த படங்களை ஒட்டித் தரும் பைண்டிங் அண்ணனின் இரண்டு முக்காலிகளுக்கு நடுவே ஒரு பலகையைப் போட்டு, அதில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, வீடியோவில் அவரை அழைத்தீர்கள். அளவை முதலில் காட்டினீர்கள். பிறகு விரலை மெல்ல நகர்த்தினீர்கள். “இது உங்க தெருமுனை. இங்கேர்ந்து வாய்க்கால் வலது கைப்பக்கம் திரும்புது. பாத்தீங்களா? மதிலுக்கு அந்தாண்ட போகுது.” அங்கே தோண்டினார்கள். மண் மூடிய வாய்க்கால் அகப்பட்டது. அடுத்த பெருமழையன்று அவரிடமிருந்து தங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: ‘மழை கொட்டுது. தச்சிக்கிட்டிருக்கேன்.’ தாங்கள் அதைப் படித்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினீர்கள். தூசி என்று சொன்னீர்கள், நாங்களும் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம்.

செய்தி பரவியது. எல்லைத் தகராறில் இருந்த அண்ணன் தம்பிகள், கதைக்குப் பழைய தெருப் பெயர் தேடிய எழுத்தாளர், பாலத்துக்கு இடம் பார்த்த பொறியாளர் என ஆளாளுக்கு அழைக்கத் தொடங்கினார்கள். மூடிய தளத்தில் இருந்த ஒரே எண் நூலகத் தலைவருடையது. எனவே எல்லோரும் அவரையே அழைத்து, “விரல் வச்சுக் காட்டுற அம்மா இருக்காங்களா?” என்று கேட்டார்கள். ஒருநாள் அவரே மூச்சுவாங்க மூன்று மாடி ஏறி வந்தார். “நான் என்ன டெலிபோன் ஆப்பரேட்டரா? திறந்து தொலைங்கம்மா!” என்றார். அப்படித் திறந்ததுதான் இணைய மேசை. பைண்டிங் அண்ணன் மறுபடியும் எல்லாச் சுருளையும் விரிக்க வேண்டுமா என்று புலம்பியபோது, “திட்டிக்கிட்டே விரிங்க, ஆனா கிழியாம திட்டுங்க” என்றீர்கள். ஓரத்தோடு ஒவ்வொரு படமும் மறுபடி ஏறியது. படம் வேண்டுவோர் தாமே பார்க்கலாம், புரியாதோர் மேசையை அழைத்தால் ஒரு மனிதக் குரல் பதில் சொல்லும்.

அந்தக் குரல் தங்களுடையது. அதனால்தான் தங்களுக்கும் கவலை, தலைவருக்கும் ஐயம். சென்ற வாரம், வீட்டில் ஒட்டடை அடிக்க வேண்டும் என்று தாங்கள் விடுப்பு எடுத்தீர்கள். அன்று காலை மேசைக்கு ஓர் அழைப்பு வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல் ஒரு பெண் குரல். தான் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி என்றும், பழைய கல்குவாரிக்குப் பக்கத்தில் சாலை ஏன் வளைகிறது என்று தெரிய வேண்டும் என்றும் சொன்னது. அக்கா, எங்களை யாரென்று நினைத்தீர்கள்? “ஹலோ” என்ற சொல்லிலேயே கண்டுபிடித்துவிட்டோம்! அதுவரை தொலைபேசி மணி அடித்தாலே எழுந்து ஓடிவிடும் எங்கள் ‘தொட்டாற்சுருங்கி’தான் அன்று மேசையில் இருந்தாள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றோம். அவள் படத்தை விரித்தாள், ஆண்டைச் சொன்னாள், அளவைச் சொன்னாள், சாலையின்மேல் விரலை ஓட்டினாள். கடைசியில், “குவாரி தோண்டுனதாலதான் சாலை வளைஞ்சுதான்னு இந்தப் படத்துல இல்லைங்க. இல்லாதத நான் சொல்ல மாட்டேன். வேற ஆண்டுப் படம் பாத்துட்டு மதியம் கூப்பிடறேன்” என்றாள்.

திறப்பு விழாவில் தலைவர் பேச்சையே நடுவில் திருத்தியவர் தாங்கள். திருத்தம் வரும், வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. மாற்றுக் குரலை மறந்து, தங்கள் சொந்தக் குரலில், “சரிம்மா. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். தொட்டாற்சுருங்கி அழுதாள், நாங்களும் அழுதோம்.

இனி வருவது தாங்கள் அறியாதது. அன்று வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் நூலகத் தலைவர். “அந்தம்மா இல்லாமலே நடக்குதே!” என்றார். பிறகு அவரே, “அப்ப நடக்கட்டும்” என்றார். இன்று காலை ஆணையில் கையெழுத்திட்டுவிட்டார். மேசை மூடப்படாது. ஆளுக்கு ஒரு நாளாக நாங்களே உட்காருவோம்.

ஈடிணையற்ற எங்கள் அக்காவே! நோய்நொடி அண்டாமல், முழங்கால் வலி நீங்கி, உற்றாரும் பேரக்குழந்தைகளும் சூழ நூறாண்டு கடந்து தாங்கள் நிறைவாழ்வு வாழ நெஞ்சார வேண்டுகிறோம். தங்களுக்கு நன்றி சொல்லும் அளவுக்கு எங்களிடம் சொல் இல்லை, அன்பு இருக்கிறது. நாளைக் காலை மேசை வழக்கம்போல் திறக்கும். மனம் கேட்காமல் தாங்கள் அழைப்பீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அழையுங்கள் அக்கா, ஆனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

தங்களால் திருத்தப்பட்டவர்கள்,
வரைபடப் பிரிவுப் பணியாளர்கள்