பலகையில் தொங்கிய சட்டை

ஈர மஞ்சளை அரைக்கக் கொண்டுவருகிறவர்களிடம்கூட நான் கோபித்துக்கொண்டதில்லை. ஈர மஞ்சள் மெஷினுக்குள் போனால் பசையாக ஒட்டிக்கொள்ளும். சுரண்டி எடுக்க அரை நாள் பிடிக்கும். நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கத்தியோடு உட்கார்ந்து சுரண்டுவேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், ஐயா, என்னைக் கோபக்காரி என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதுதான்.

திடீர் மரண விசாரணைக்கு நீங்கள் எங்கள் மில்லுக்கு வந்த அன்று என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டீர்கள். நான்குக்கும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "புள்ள பயந்து போயிருக்கு, விடுங்க" என்று பொலிஸ்காரரிடம் சொன்னீர்கள். போகும்போது, "பேச வராட்டி எழுதியாவது குடும்மா" என்றீர்கள். நான் பயந்து போகவில்லை. எனக்குப் பேச வராது, அவ்வளவுதான். தரம் பத்தில், வகுப்புக்கு முன்னால் எழுந்து நின்று பேசச் சொன்ன நாளோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத வரும். ஆகவே எழுதுகிறேன்.

நீங்கள் அன்று அவசரத்தில் இருந்தீர்கள், மில்லைச் சரியாகப் பார்க்கவில்லை. மேலே ஓடையில் கல்லடுக்கிக் கட்டிய சின்ன அணை இருக்கிறது. அதிலிருந்து ஒரு வாய்க்கால். வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு மரப் பலகை. அந்தப் பலகையைத் தூக்கினால் தண்ணீர் பீலி என்கிற மரத் தொட்டி வழியாக ஓடிவந்து இரும்புச் சக்கரத்தின் தலையில் விழும். சக்கரத்தின் விளிம்பில் இருக்கிற பெட்டிகள் ஒவ்வொன்றாக நிறையும், அந்தப் பாரத்தில் சக்கரம் திரும்பும். அதன் இருசிலிருந்து ஒரு பெல்ட் சுவருக்குள் போய் மெஷினைச் சுற்றவைக்கும். பலகையை இறக்கினால் தண்ணீர் பக்கத்தால் வழிந்து மறுபடியும் ஓடைக்கே போய்விடும். யாருக்கும் தொந்தரவு கிடையாது.

சக்கரம் ஓடும்போது மில்லுக்குள் இடி இடிக்கிற மாதிரிச் சத்தம். வந்தவர்கள் எல்லோரும் அதைக் குறை சொல்வார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். அக்குறணையிலிருந்து வரும் அனீஸா மாமி, மில்லுக்குள் கால் வைக்கும்போதே, "மகள், ஒனக்கு இன்னும் மாப்புள பாக்கலயா?" என்று தொடங்குவார். நான் போய்ப் பலகையைத் தூக்கிவிடுவேன். அதற்குப் பிறகு அவருடைய வாய் மீனின் வாய் போலத் திறந்து திறந்து மூடும். நான் சிரித்துத் தலையாட்டுவேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இருவருக்கும் திருப்தி. பதினைந்து வருடங்கள் இப்படித்தான் நான் ஊரோடு சுமுகமாக இருந்தேன்.

சக்கரம் இருக்கிற குழிக்குள் அடிக்கடி இறங்க வேண்டிவரும். இலை அடைக்கும், ஆணி கழலும். இறங்குகிறவர் தன் சட்டையைக் கழற்றிப் பலகையின் பிடியில் தொங்கவிட வேண்டும். நான் இறங்கினால் என் துவாயைத் தொங்கவிடுவேன். துணி தொங்கினால் தண்ணீர் திறக்கக் கூடாது. பிடி இருக்கிற இடத்தில் நின்று பார்த்தால் பீலி மறைக்கும், குழிக்குள் ஆள் இருப்பது தெரியாது. அதனால் அப்பா காலத்திலிருந்தே இந்த வழக்கம். ஒரு பூட்டுப் போடலாம் என்று அத்தான் ஒருமுறை சொன்னார். "உங்களுக்கு உங்க மோட்டார் சைக்கிள் திறப்பையே தேட ஒரு ஆள் வேணும். இதுக்கு வேற ஒண்ணா?" என்று அக்கா கேட்டாள். பூட்டுப் பேச்சு அதோடு முடிந்தது.

அத்தான் என்றால் சஞ்சீவ் அத்தான், இறந்து போனவர். மஹய்யாவையில் பிறந்தவர். வீடுகளுக்கு வயர் இழுக்கிற வேலை செய்தவர். நிரோஷினி அக்காவைக் கட்டி இங்கே வந்தார். தண்ணீரில் ஓடுகிற மில்லுக்குக் கரண்ட் வேலைக்காரர் மாப்பிள்ளையாக வந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

"ஊரு முழுக்க கரண்டு இழுத்துக் குடுக்கிறேன். என் வீட்டு மில்லு மட்டும் தண்ணி குடிச்சிட்டு ஓடுது. வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்பார்.

"அப்ப சொல்லாதீங்க" என்பாள் அக்கா.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாளுக்குப் பத்து மணித்தியாலம், பதின்மூன்று மணித்தியாலம் என்று கரண்ட் போனதே, அப்போது சுற்றுவட்டாரத்தில் ஓடியது எங்கள் மில் ஒன்றுதான். அக்குறணையிலிருந்தெல்லாம் வேனில் மிளகாய் வந்து இறங்கியது. அக்கா அத்தானை விடவில்லை. "என்னங்க, உங்க கரண்ட எங்க காணோம்?"

"கோவிச்சிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கு. வந்துரும்" என்றார் அத்தான். தன்னைக் கேலி செய்தால் தானும் சேர்ந்து சிரிக்கிற மனிதர். அவர் கெட்டவர் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கரண்ட் திரும்பி வந்தது. அத்தான் மறக்கவில்லை. மூன்று வருடங்கள் பொறுத்து, இந்தப் புரட்டாசியில் முடிவு செய்துவிட்டார். மில்லுக்கு மோட்டார். சக்கரத்தை வெட்டி எடுத்துவிடுவது. குழிக்கு மேலே கொங்கிரீட் போட்டு வேன் நிறுத்த இடம் செய்வது. அக்காவும் சரி என்றாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அத்தோடு நின்றிருந்தால்கூட எப்படி இருந்திருக்குமோ தெரியாது. அவர் எனக்கு நல்லது செய்யப் பார்த்தார். மில்லின் முன்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு கவுண்டர் வைப்பது, அதில் மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் பொட்டலம் போட்டு விற்பது, அங்கே நான் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசுவது. எனக்கென்று கண்டியிலிருந்து ஒரு சுழல் கதிரைகூட வாங்கி வந்தார். பொலித்தீன் உறையோடு முற்றத்தில் இறக்கி, என்னை உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"பாத்தியா, ஒனக்கும் ஒரு சக்கரம்" என்றார்.

"அவளால அங்க உக்காந்து பேச முடியுமா?" என்று கேட்டாள் அக்கா.

"பேசப் பேச பழகிரும். நானே ஒன்கிட்ட ஒரு வார்த்த பேச மூணு மாசம் எடுத்தேன்ல."

"அதுக்கப்புறம் நிப்பாட்டவே இல்லியே."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கதிரையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று எண்ணிப் பார்த்தேன். மோட்டாருக்குச் சத்தமே கிடையாது என்று அத்தான் பெருமையாகச் சொல்லியிருந்தார். வருகிறவர்களுடைய ஒவ்வொரு கேள்வியும் முழுசாகக் கேட்கும்.

நான் முறையாக நடந்துகொண்டேன், ஐயா. ஒரு தாளில், 'அத்தான், சக்கரத்தை எடுக்க வேண்டாம். எனக்குக் கவுண்டர் வேண்டாம். நான் குழியோடேயே இருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்தார். தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கு, புள்ள. கவுண்டர் போர்டையும் நீயே எழுதிரு" என்றார்.

என் வாழ்க்கையில் நான் ஒருவரிடம் கேட்டது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை மோட்டார் வருவதாக இருந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அத்தான் டேப்பை எடுத்துக்கொண்டு, கொங்கிரீட்டுக்கு அளவெடுக்கக் குழிக்குள் இறங்கினார். நீலச் சட்டையைக் கழற்றிப் பிடியில் மாட்டினார். சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டாக நிற்க மட்டும் இடம் இருக்கும். அங்கேதான் அளக்க வேண்டும். விசில் அடித்துக்கொண்டே அளந்தார். வழிந்தோடுகிற தண்ணீரின் சத்தத்தில் அது பிடியருகே நிற்கிறவருக்குக் கேட்காது, குழிக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும்தான் கேட்கும்.

நான் பக்கத்தில் நின்றேன். சட்டையின் கழுத்தில் ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. எடுத்துக்கொண்டு வாய்க்காலோரம், குழிக்குப் பக்கத்திலேயே இருக்கிற தோய்க்கிற கல்லுக்குப் போனேன். வீட்டில் எல்லோருடைய துணியையும் தோய்ப்பது நான்தான். இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

அனீஸா மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். மகளின் கலியாணத்துக்கு ஒரு மூட்டைக் கொத்தமல்லி.

"கெதியா அரச்சித் தாங்க மகள், அங்க சமையக்காரன் நெருப்பு மூட்டிட்டு நிக்கிறான்" என்று உள்ளே அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பலகை இறங்கியிருந்தால் எல்லாம் நன்றாகக் கேட்கும்.

அக்கா வெளியே வந்தாள். வெறும் பிடியைப் பார்த்தாள். பிறகு கல்லில் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"மேல வந்துட்டாரா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வந்ததும் வராததுமா சட்டையத் தோய்க்கப் போட்டுட்டியா? அந்த மனுசன் இப்ப வெறும் ஒடம்போட எங்க போய் நிக்கிறாரோ" என்று சிரித்துக்கொண்டே பலகையைத் தூக்கினாள்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். விசில் ஒரு பாட்டின் நடுவில் நின்றது. சக்கரம் முதலில் கொஞ்சம் தயங்கியது. இலை அடைத்தாலும் அப்படித்தான் தயங்கும். அதற்குப் பிறகு ஓடியது. அரை மூட்டைக் கொத்தமல்லி அரைபட்ட பிறகுதான் அக்கா, "அத்தானுக்கு டீ குடுத்தியா?" என்று கேட்க வெளியே வந்தாள். அதுவும் எனக்குக் கேட்கவில்லை. அவளுடைய உதடுகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

மிச்சத்தை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். விபத்து என்று. சின்னப் பிள்ளைத்தனமாகச் சட்டையை எடுத்துவிட்டேன் என்று. எனக்கு முப்பத்தொரு வயது, ஐயா.

நீங்கள் எழுதாமல் விட்டதை இப்போது நான் எழுதுகிறேன். நான் சட்டையை எடுத்தபோது மணி பத்தாகவில்லை. அனீஸா மாமி வந்தது பத்தே முக்காலுக்கு. அவ்வளவு நேரமும் சட்டை என் மடியில் நனையாமலேயே இருந்தது. மாமி வியாழக்கிழமை வருவதாக முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். மாமியைக் காத்திருக்க வைக்க அக்காவுக்கு ஒருபோதும் மனம் வராது. ஆட்டோவின் சத்தம் வளைவில் கேட்ட பிறகுதான் நான் சட்டையை நனைத்தேன். உலர்ந்த சட்டையைக் கையில் வைத்திருந்தால் அக்கா எட்டிப் பார்த்திருப்பாள். பலகையை நானே தூக்கியிருக்கலாம்தான். ஆனால் பிடியில் துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆள் உள்ளே இருக்கும்போது தண்ணீர் திறப்பது இந்த மில்லில் பெரிய குற்றம். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை.

சஞ்சீவ் அத்தானைக் கொன்றது நான். அக்கா இல்லை.

இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அக்காவுக்காகத்தான். அவள் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "நான்தானே தூக்கினேன், இந்தக் கையாலதானே தூக்கினேன்" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். என்னைக் கட்டிப்பிடித்து, "நீ பாவம்டி, ஒனக்கு என்ன தெரியும்" என்று அழுகிறாள். எட்டாம் நாள் காரியம் முடிந்ததும் அவளே போய்ப் பலகையை இறக்கி, நான்கு பெரிய ஆணிகளை அடித்துவிட்டாள். இனி அந்தத் தண்ணீர் நம் மில்லுக்குள் வரக் கூடாது என்கிறாள். அடுத்த கிழமை லொறியில் மண் வரப்போகிறதாம், குழியை மூட.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நாள் முழுவதும் வருகிறார்கள். அக்கா படுத்திருப்பதால் எல்லோரும் என்னிடம்தான் பேசுகிறார்கள். எப்படி நடந்தது, நீ எங்கே நின்றாய், இனி என்ன செய்யப்போகிறீர்கள். மில் அமைதியாக இருக்கிறது. எல்லாமே கேட்கிறது.

ஆகவே இந்தக் கொப்பியை அக்காவிடம் காட்டுங்கள். அவள் மேல் ஒரு பிழையும் இல்லை என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டாள், எனக்குச் சொல்லவும் வராது. அவளுடைய மனப்பாரம் இறங்க வேண்டும். எனக்கு வேறு ஒரு ஆசையும் இல்லை. என்னை எங்கே கொண்டுபோவதென்றாலும் வருகிறேன்.

பாரம் இறங்கியதும், அந்த ஆணிகளை மட்டும் கொஞ்சம் பிடுங்கச் சொல்லுங்கள். மண் லொறி வருவதற்கு முன்னால் சொன்னால் நல்லது. ஐப்பசி மழைக்கு ஓடை நிறையத் தண்ணீர் வருகிறது. இவ்வளவும் ஒரு வேலையும் செய்யாமல் போகிறதைப் பார்க்க எனக்கு அழுகை வருகிறது.