வலது பக்கம் காலி

விமான நிலையக் காவல் பிரிவில், காலை பதினொன்றரை மணிக்கு, விசாரணை அதிகாரி கேட்க, எழுத்தர் காவலர் எழுதிக்கொண்டது.

என் பெயரும் முழு முகவரியும் முதல் தாளில் தனியே எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தாறு. ஊழியர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் மனைவியுடன் வசித்து வருகிறேன். ஒன்பது ஆண்டுகளாகத் துணை விமானியாக வேலை பார்க்கிறேன். இந்த வழக்கில் காயம்பட்டுள்ள கேப்டன் என் மனைவியின் உடன்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். வீட்டுக்கு வந்தால் 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க' என்பார். விமானத்தில் ஏறிவிட்டால் 'நீ, வா, போ' தான். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. என் வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்து கட்டுப் போட்டிருப்பதால் இடது கையால் கையெழுத்திடுவேன்.

நாங்கள் ஓட்டுவது இரண்டு விசிறி வைத்த விமானம். தரையில் நிற்கும்போதே வலது இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அதன் விசிறிக்குப் பிரேக் போட்டிருக்கும். பிரேக்கை விட்டால் இரண்டு ஆள் உயரமுள்ள அந்த விசிறி சுழலத் தொடங்கும். கீழே இருக்கும் பணியாளர் சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு, விமானத்தின் மூக்குக்கு முன்னால் வந்து நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதன் பிறகு வலது இருக்கையில் உள்ள துணை விமானி ஜன்னல் வழியே பார்த்து, 'வலது பக்கம் காலி' என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கேப்டன் பிரேக்கில் கை வைக்க வேண்டும். இதைச் சின்னப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும்.

இறந்துபோன தரைப் பணியாளரை நாங்கள் எல்லோரும் 'சல்யூட்' என்றுதான் கூப்பிடுவோம். விமானம் நகரும்போது யாரும் கேட்காமலேயே விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடிப்பார். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு நாள் அவர் கட்டைவிரல் காட்டுவதற்கு முன்பே, நான் வாய் திறப்பதற்கும் முன்பே, மச்சான் பிரேக்கை விட்டுவிட்டார். கிளம்ப ஆறு நிமிடம் தாமதமாகியிருந்தது, அவ்வளவுதான் காரணம். சல்யூட் குனிந்ததால் தலை தப்பியது. தொப்பி விசிறிக்குள் போய் நார் நாராக வெளியே வந்தது. அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய காக்கிக் கால்சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்ததை நான் மட்டும் மேலிருந்து பார்த்தேன். மறுநாள் மச்சான் புதிதாக ஒரு நீலத் தொப்பி வாங்கிவந்து, அதை அவர் தலையில் தானே வைத்துவிட்டார். மச்சான் கெட்டவர் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தொப்பி சிதறிய அன்றே மாலை நான் வீட்டில் உட்கார்ந்து, பாதுகாப்புத் தவறுகளைத் தெரிவிக்கும் படிவத்தை நிரப்பினேன். அதன் தலைப்பில் 'பெயர் எழுதத் தேவையில்லை' என்று அச்சடித்திருப்பார்கள். இரண்டே பேர் உட்காரும் அறையில் நடந்ததை மூன்றாவது ஆளா எழுதியிருப்பான்? நான் பெயரையும் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் வந்தார். சத்தம் போடவில்லை. சோபாவில் உட்கார்ந்து, படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கீங்க மாப்பிள்ளை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சக்கரத்தை இறக்காம ஓடுபாதைக்கு வந்தீங்களே, அதை நான் எங்கயாவது எழுதினேனா?" என்று கேட்டார். அது உண்மை. நான் சக்கரத்தை மறந்தேன், அவர் கடைசி நேரத்தில் விமானத்தை மேலே தூக்கினார், கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் ஓடுபாதையில் பறவை என்று சொன்னார். "ஒருத்தனை ஒருத்தன் எழுத ஆரம்பிச்சா, பக்கத்து சீட்டுக்காரனை நம்பி எவன் பறப்பான்?" என்றும் சொன்னார். படிவத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, கொடுக்கவும் துணிவில்லை. பையில் வைத்தேன். நான்கு மாதமாக அது என்னோடுதான் பறந்துகொண்டிருந்தது.

அதன் பிறகும் மச்சான் மாறவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அவர் கை பிரேக்குக்குப் போய்விடும். விமானி அறையில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்பதால், வரிசை தப்பியது தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். அவர் கை நகரும் முன்பே முந்திக்கொண்டு 'வலது பக்கம் காலி' என்று சொல்லத் தொடங்கினேன். கேட்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். முதலில் பார்த்துவிட்டுச் சொன்னேன், பிறகு பாதி பார்த்துச் சொன்னேன், போகப் போக அது தும்மல் மாதிரி தானாகவே வந்தது. இதை யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு நாற்பத்தெட்டுப் பயணிகளுடன் கிளம்பத் தயாரானோம். தரைப் பணியாளர்களில் ஒருவர் விடுப்பு என்பதால் சல்யூட் ஒருவரே இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மடியில் பயணிகள், சரக்கு எடைத் தாளை வைத்துக்கொண்டு அதில் ஒரு எண்ணைத் திருத்தியபடியே 'வலது பக்கம் காலி' என்று சொன்னேன். மச்சான் பிரேக்கை விட்டார். விசிறி சுழலும் சத்தம் கூடிக்கொண்டே போய், நடுவில் வெட்டியதுபோல் ஒரு சத்தம் கேட்டது, விமானம் ஒரு முறை உதறியது, என் ஜன்னல் கண்ணாடி சிவந்தது. மச்சான் இயந்திரத்தை அணைத்தார். நான் படியில் இறங்கிச் சுற்றி ஓடினேன். சல்யூட்டுக்கு வலது தோளும் தலையின் ஒரு பக்கமும் இல்லை. வலது கை இருபது அடி தள்ளி எரிபொருள் வண்டியின் அடியில் கிடந்தது. இடது கை முட்டுக்கட்டையின் கயிற்றை இறுகப் பிடித்திருந்தது, மருத்துவப் பணியாளர் கயிற்றை வெட்டித்தான் உடலை எடுத்தார். நீலத் தொப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

அதன் பிறகு எட்டேகால் மணிக்கு எங்களை விமானிகள் ஓய்வறையில் உட்கார வைத்தார்கள். வேறு யாரும் இல்லை. மச்சான் கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். முடித்ததும் என்னிடம் நீட்டி, "நீ பார்த்த, காலின்னு சொன்ன, நான் விட்டேன். அதுக்கப்புறம் அவன் குறுக்கே ஓடி வந்துட்டான். போடு கையெழுத்தை" என்றார். நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். உண்மையில் கையெழுத்துப் போடத்தான் போனேன். அப்போது அவர், "அவனுக்கு இந்தப் பழக்கம் உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். நாலு மாசம் முன்னாடியே தொப்பியை விட்டவன்தானே" என்றார்.

நான் பேனாவை வைத்துவிட்டுப் பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தேன். மச்சான் பாய்ந்து என் சட்டையைப் பிடித்து அலமாரியில் மோதினார். படிவம் என் வலது கையில் இருந்தது. கையை அலமாரிக் கதவிடுக்கில் வைத்துக் கதவை இரண்டு முறை அறைந்து சாத்தினார், எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் படிவத்தை விடவில்லை. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையை இடது கையால் உருவி அவர் தோளில் அடித்தேன். அவர் என்னை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தார். அந்த ஒரு அடி என்னைக் காப்பாற்றிக்கொள்ள அடித்தது. அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது. அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "மாப்பிள்ளை, வேணாம்" என்றார். நான் கையோடு சேர்த்து அடித்தேன். கை விலகியதும் இன்னொரு முறை அடித்தேன். பல் தரையில் சிதறியது. தாடை இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாகவும் இடது கண்ணைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றும் மருத்துவர் கூறியதாக அதிகாரி எனக்குச் சொன்னார். காவலாளி உள்ளே வந்து பிடிக்காமல் இருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா என்று கேட்டதற்கு, தெரியாது என்கிறேன். சல்யூட்டைக் கொன்றதில் பாதி நான் என்ற ஆத்திரத்தையும் சேர்த்து அவர் ஒருவர் மேலேயே இறக்கினேன்.

பத்தரை மணிக்கு என் மனைவி மருத்துவமனையிலிருந்து நேராக இங்கே வந்தாள். அவள் சேலையில் அவள் அண்ணனின் ரத்தம் இருந்தது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "குரல் பதிவுல உங்க குரல் சரியாத்தாங்க இருக்கும். நீங்க பார்த்துட்டுச் சொன்னதா மட்டும் சொல்லுங்க. அண்ணனை நீங்க என்ன பண்ணீங்கங்கிறதை வீட்ல பேசிக்கலாம். எனக்கு உங்க ரெண்டு பேரையும் விட்டா யாருங்க இருக்காங்க?" என்றாள். அவள் சொன்னதில் கணக்குத் தப்பில்லை. நான் பார்த்ததாகச் சொன்னால் நானும் மச்சானும் பிழைப்போம், சல்யூட் தானே ஓடிவந்து செத்தவர் ஆவார். கருவி குரலைத்தான் பிடிக்கும். என் கண் எங்கே இருந்தது என்று சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. அவள் இப்போதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான்கு மாதங்களுக்கு முன் நான் நிரப்பிய படிவத்தை, ரத்தக் கறையுடன், கதவில் சிக்கிக் கிழிந்த மூலையுடன், இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் உள்ள தேதியும் கையெழுத்தும் என்னுடையவை.

எழுத்தர் காவலர் முழுவதையும் எனக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். நான்காம் தாளில் 'ஒரு எண்ணைத் திருத்தியபடியே பார்த்து, வலது பக்கம் காலி என்று சொன்னேன்' என்று எழுதப்பட்டிருந்தது. அப்படி எழுதுவதுதான் வழக்கம் என்றும், எனக்கும் அதுதான் நல்லது என்றும் அவர் சொன்னார். 'பார்த்து' என்பதை அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது. மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, அவை உண்மை.

(ஒப்பம், இடது கையால்)
துணை விமானி