கதவில் சாய்ந்திருந்தேன்

வாழைத்தார் வாங்க வருபவர் முன்னால் நான் எழுந்து நிற்பதில்லை அய்யா. பேரத்தில் முதலில் எழுந்தவனுக்குத்தான் நஷ்டம். மண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உங்கள் இன்ஸ்பெக்டர் என்னைக் கைது செய்ய வந்தபோதும் உட்கார்ந்துதான் இருந்தேன்.

புகார் கொடுத்தவன் என் மச்சினன், மண்டியில் பாதிப் பங்குக்காரன். புகை போட்டுக் காய் பழுக்க வைக்கும் மூட்ட அறையில் தார்களுக்கு அடியில் திருட்டுச் செம்புக் கம்பி ஒளித்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பொய்யில்லை. ஆனாலும் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா?

அன்று காலைதான் பழுக்க வைக்கப் புகை மூட்டம் போட்டிருந்தோம். அந்த அறையில் யாரும் நிற்க மாட்டார்கள்; போனதும் வந்துவிடுவார்கள். அவனும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, உங்களுக்குக் காட்ட ஒரு சுருள் கம்பி எடுத்துவர உள்ளே போனான். தெருமுனையில் ஜீப் திரும்பியது. நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"மாமா, விளையாடாதீங்க," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கூப்பிட்டார். நான் கையை ஓங்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. உடம்பைத் தளர்த்தி விட்டுவிட்டேன். மூன்று போலீஸ்காரர்கள் இழுத்துப் பார்த்தார்கள். சுமை தூக்குகிறவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். "காம்பைப் பிடிச்சுத் தூக்குங்க சார், அப்பதான் தார் வரும்," என்றான் ஒருவன். தெருவே சிரித்தது. கனமான கதவு, அந்தச் சத்தத்தில் தட்டுவது யாருக்கும் கேட்கவில்லை. என் முதுகுக்கு மட்டும் தெரிந்தது.

சரக்கைக் காப்பாற்றத்தான் அடம் பிடிக்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார். "உங்க மச்சினன் எங்க?" என்று கேட்டார்.

"பக்கத்துலதான் இருக்கான். வருவான்," என்றேன்.

முதுகில் தட்டுவது மெதுவாகி, பிறகு வெறும் சுரண்டல் ஆனது. அதுவும் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். அவசரப்பட்டு எழுந்து பழக்கமில்லை. அப்புறம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, நானாகவே இரு கைகளையும் நீட்டினேன்.

வன்முறை இல்லாமல் கைதுக்கு இணங்க மறுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். மற்றதைச் செய்தது புகை. கம்பி அவனுடையது என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்கிறேன்; அவன் மறுக்கவில்லை.

என் மனைவிதான் பார்க்க வருவதில்லை. தம்பி என்றால் அவளுக்கு உயிர். நாலு நாள் போனால் சமாதானமாகிவிடுவாள். இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?