எலிப் புரதச் சீசா காலி இல்லை என்பது குறித்து

என் பெயரைக் கடைசியில் கையெழுத்தாகப் போடுகிறேன். வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் என்னைச் சீசாத் தாத்தா என்று கூப்பிடுவார்கள். வயது அறுபத்தொன்பது. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்தில், தையல் கடைக்கு மேல்மாடியில், மகள் வீட்டில் குடியிருக்கிறேன். எழுத்து பெரிதும் சிறிதுமாக இருப்பதற்கும் வரி கீழே சரிவதற்கும் மன்னிக்க வேண்டும். மேசை ஆடவில்லை, கைதான் ஆடுகிறது. மாலை வகுப்பில் இந்த ஆண்டுதான் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் எழுதக் கற்றேன். நான் சொல்லச் சொல்லத் தாமே எழுதிக்கொள்வதாக இந்தக் காவல் நிலையத்தின் எழுத்தர் ஐயா சொன்னார். நானே எழுதுகிறேன் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தாளைக் கொடுத்தார்.

நான் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பொருள்கள் கழுவுகிறவன். திருட்டுப் பழியில் இங்கே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பார்சல் வண்டி ஓட்டுநர் என் மருமகன். வேற்று ஆளாக இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். இவ்வளவு வேகமாக எழுதியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

இன்று காலை மருமகன் ஐஸ் பெட்டியில் ஒரு பார்சலைக் கொண்டுவந்து ஸ்டோர்காரரிடம் கொடுத்தார். அதன் பிறகு ஸ்டோர்காரர் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த கட்டைவிரல் உயரச் சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கைக்குழந்தை மாதிரி பொத்திப் பொத்தி அனுப்பியிருக்காங்க, உள்ள வெறும் காத்துதான் இருக்கு. வழியிலயே சுருட்டிட்டான்" என்றார். பெட்டியை மூடி ஒட்டியிருந்த தாள் கிழியாமல் வந்ததா என்று மருமகன் கேட்டதற்கு, தாமே கிழித்துவிட்டதால் கவனிக்கவில்லை என்றார். அதன் பிறகு அவர் புகார் சொல்ல, காவலர்கள் வந்து மருமகனையும் பெட்டியையும் ரசீதையும் கொண்டு போனார்கள். காலிச் சீசா எதற்கு என்று ஸ்டோர்காரர் அதை என் கழுவும் தட்டில் போட்டுவிட்டார்.

தட்டில் விழுவதை எல்லாம் சோப்புத் தண்ணீரில் போட வேண்டியதே என் வேலை. ஆனால் எழுத்துக் கூட்டத் தெரிந்ததிலிருந்து, மேலே ஒட்டியிருப்பதைப் படிக்காமல் எதையும் நான் தண்ணீரில் போடுவதில்லை. இதனால் வேலை மந்தமாகிறது என்று மேற்பார்வையாளர் இரண்டொரு முறை திட்டியும் இருக்கிறார். இன்று மருமகனைப் பற்றிய கவலையிலும் பழக்கம் விடவில்லை. முதல் சொல் ஆங்கிலத்தில் எலி என்று இருந்தது. இரண்டாவது சொல் ஹார்மோன். மூன்றாவது சொல்லின் நடுவில் இருந்தபோது, அந்தச் சீசாவை வரவழைத்த, கூட்டத்துக்குப் போயிருந்த விஞ்ஞானி அம்மா உள்ளே வந்தார்.

"தாத்தா, அதைக் கீழ வைங்க! வேணாம் வேணாம், கையிலயே வச்சுக்குங்க, அசையாதீங்க!"

"பயப்படாதீங்கம்மா, எலி எங்கயும் ஓடாது. உள்ள ஒண்ணுமே இல்ல" என்றேன்.

அவர் சீசாவை வாங்கி இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அதன் பிறகு அது என்னவென்று எனக்குச் சொன்னார். எலியின் உடம்பில் ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்கிற புரதமாம். எலியைக் கொன்று எடுத்தது அல்ல, எலியின் மரபணுவை வேறு செல்லுக்குள் வைத்து வளர்த்து எடுத்ததாம். இதற்கு முன் வந்ததெல்லாம் சர்க்கரை போன்ற ஒன்றைக் கலந்து உலர்த்தியதால் அடியில் வெள்ளையாகத் தெரியுமாம். இந்த முறை எதுவும் கலக்காமல் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கியதால் கண்ணுக்கே தெரியாதாம். இதை அவர் ஸ்டோரில் சொல்ல மறந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் சீசாவைச் சுழலும் இயந்திரத்தில் வைத்து, தூள் அடியில் சேர்ந்த பின் திறந்து, அளந்த நீர் விட்டு, ஒரு துளியைக் கருவியில் பார்த்தார். கேட்ட அளவு முழுதும் இருந்தது.

"காலின்னு யாருங்க சொன்னது?" என்று ஸ்டோர்காரரைக் கேட்டார்.

"கண்ணு சொல்லிச்சு மேடம்" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு.

அதன் பிறகு மூவரும் இங்கே வந்தோம். ஸ்டோர்காரர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மருமகனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். சீசா என் தட்டிலிருந்து கிடைத்ததால், என் வாக்குமூலமும் வந்தால்தான் மருமகனை அனுப்ப முடியும் என்றார்கள். இரண்டாவது தாளை நான் கேட்டபோது மருமகன் பெஞ்சிலிருந்து, "மாமா, நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள நான் தண்டனையே அனுபவிச்சு முடிச்சிடுவேன் போலிருக்கு" என்றார். எழுத்தர் ஐயாவும் சிரித்துவிட்டார்.

ஐஸ் பெட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அடுத்த வாரம் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டுமாம். அதற்கு ஆள் அனுப்ப வேண்டாம், அதையும் நானே வந்து எழுதுகிறேன்.

மேலே உள்ளவற்றை யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை. முதல் வரியிலிருந்து நானே படித்துப் பார்த்தேன். அத்தனையும் நடந்தது நடந்தபடியே இருக்கிறது. எழுத்தர் ஐயா பழக்கத்தில் கைநாட்டு வைக்கும் மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். அதை அவர் பக்கமே நகர்த்திவிட்டேன்.

(கையெழுத்து)