காதுக்குள் அக்கா

— மூவாயிரத்து இருநூறு. நம்ம கடையோட மானம் இன்னிக்கு அந்த விலைக்குத்தான் போச்சு. இந்த ஹெட்போனுக்கு நான் குடுத்த காசு அவ்வளவுதான்.

— மானத்துக்கு விலைச்சீட்டு ஒட்டுற ஒரே ஆள் நீதான்க்கா.

— ஒட்டத் தெரிஞ்சதாலதான்டா இந்தக் கடை ஓடுது. குடோன்ல, விக்காத கமோடு பெட்டி மேல உக்காந்து, டேப்லெட்ல கேமராவைப் பார்த்து, குழாய் வாங்க வர்றவன் மூஞ்சியைப் படிச்சு, என் போன்ல இருந்து உன் காதுல விலை சொல்றேன். அதைத் திருப்பிச் சொல்றது மட்டும்தான் உன் வேலை. அதுக்குமா வக்கில்ல?

— கத்தாத. வாசல்ல ஆள் போகுது.

— இனி எவன் கேட்டா என்ன? கேக்கக் கூடாதவர் கேட்டுட்டுப் போயாச்சு. கட்டடத்துக்காரர், பேரும் தொகையும் இன்னும் எழுதாத பத்து வருஷ வாடகைச் சீட்டோட வந்து உன் எதிர்ல உக்கார்றார். 'கிழத்துக்குப் பை நிறையப் பணம், மண்டை நிறையக் களிமண். யாவாரம் படுத்துடுச்சுன்னு அழு'ன்னு உன் காதுல சொல்றேன். அது மேஜை மேல கிடந்த உன் போன்ல இருந்து கணீர்னு வருது! மனுஷன் முகம் துருப்பிடிச்ச குழாய் மாதிரி ஆயிடுச்சு.

— நான் என்ன பண்ண? ஹெட்போன் தாவிடுச்சு.

— தாவுறதுக்கு அது என்ன குரங்கா?

— கேளுக்கா. அது என் போன்லயும் சேர்ந்திருக்கு, பில்லு போடற கம்ப்யூட்டர்லயும் சேர்ந்திருக்கு, என் வீட்டு டிவியிலயும், உன் டேப்லெட்லயும் சேர்ந்திருக்கு. ஒரு நேரத்துல ரெண்டைத்தான் பிடிச்சுக்கும். எதுல புதுசா சத்தம் வருதோ அங்க ஓடிடும்.

— ஒரு மாட்டை நாலு முளையில கட்டினா, பால் எந்த வீட்டுக்குன்னு மாட்டுக்கே தெரியாது.

— டேப்லெட்ல சேர்த்தது நீ. மத்தியானம் சீரியல் பார்க்க.

— சரி ராசா, கணக்கு சொல்லு. எங்க தாவுச்சு? கம்ப்யூட்டருக்கா?

— இருக்கலாம்.

— அது காலையில இருந்து பொணமாக் கிடக்கு, ரிப்பேர்காரன் இன்னும் வரல. உன் வீட்டு டிவிக்குன்னு சொல்லிடாத, அது மூணு தெரு தள்ளி இருக்கு.

— அப்ப டேப்லெட்டுக்குத்தான்.

— டேப்லெட் என் மடியில இருந்துச்சு. கேமரா படம் மட்டும்தான் ஓடுச்சு, அதுக்குச் சத்தமே கிடையாது. எதைக் கேக்க அங்க ஓடுச்சு?

— ப்ளூடூத் சமாசாரம்க்கா. சில நேரம் காரணமே இல்லாம அறுந்துடும்.

— அறுந்துச்சுன்னே வெச்சுக்குவோம். முன்னாடி ஒரு தடவை, ஷவர் வாங்க வந்த லாட்ஜ்காரம்மா எதிர்ல அறுந்துச்சே, அப்ப என் குரல் எப்படி வந்துச்சு?

— ஞாபகம் இல்ல.

— எனக்கு இருக்கு. போனுக்குள்ள கொசு முனகுற மாதிரி வந்துச்சு. நீ எடுத்துக் காதுல வெச்சு 'ராங் நம்பர்'னு சமாளிச்ச. ஹெட்போன் அறுந்தா சத்தம் போன்ல மெதுவாத்தான் வரும். எதிர்ல இருக்கறவனுக்குக் கேக்கணும்னா ஸ்பீக்கர் பட்டனை ஒரு விரல் அமுக்கணும்டா.

— விரல் பட்டிருக்கும்.

— பட்டுச்சா, வெச்சியா?

— வெச்சேன். போதுமா?

— அட படுபாவி! உக்காந்த கிளையை வெட்டுறவன்கூட மேல ஒருத்தி உக்காந்திருக்காளான்னு பார்ப்பான்!

— நேத்து சாயங்காலம் குடோன்ல, டேப்லெட்ல யார்கூடப் பேசின?

— சரக்குக்காரன்கூட.

— பொய். பாட்டு கேக்கலாம்னு கல்லாவுல உக்காந்து ஹெட்போனை மாட்டினேன். அது என் போனை விட்டுட்டு நேரா உன் டேப்லெட்டைப் போய்ப் பிடிச்சுக்கிச்சு. பாட்டு வரல, கட்டடத்துக்காரர் குரல் வந்துச்சு. 'சரிம்மா, நீங்க கேட்ட மாதிரியே தம்பி பேரை விட்டுட்டு உங்க மகன் பேர்லயே எழுதிடலாம்'னார்.

— ஓகோ. அதான் நடுவுல எனக்குச் சத்தம் செத்துப் போச்சா? நான் சிக்னலைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

— இல்லன்னாவது சொல்லுவன்னு பார்த்தேன்.

— எதுக்கு இல்லங்கணும்? கேட்டது நான்தான். என் பையன் தலையெடுக்க வேணாமா?

— அப்ப நான்?

— நீ இருந்த இடத்துலயே இருப்ப. சம்பளம்கூடக் கொஞ்சம் போட்டுக் குடுக்கலாம்னு இருந்தேன்.

— சம்பளமா? அப்பா ரெண்டு பேருக்கும் சரிபாதின்னு விட்டுட்டுப் போன கடையில எனக்குச் சம்பளமா? பொண்டாட்டிகிட்டப் பேசறப்போகூட அடுத்த வார்த்தை காதுல வருமான்னு காத்துக்கிட்டு நிக்கிறேன்க்கா நான். அப்படி ஆக்கி வெச்சிருக்க.

— கடையில பாதி உன்னுது, மூளையில முழுசும் என்னுது. அழகா ஸ்பீக்கரைப் போட்டியே, இனி வாஷ்பேசினை நடுத்தெருவுல அடுக்கி விப்பியா? அவர் பின்னாடியே ஓடினியே, கால்ல விழுந்தியா?

— பேனா குடுக்க ஓடினேன்.

— என்னது?

— கார் பானெட் மேல வெச்சுக் கையெழுத்துப் போட்டார். பத்து வருஷம், என் பேர்ல. அங்க இருந்தே பாரு. கிழிக்கற வேலை வேணாம், அவர்கிட்ட இன்னொரு பிரதி இருக்கு.

— உன்னைக் குறைச்சு எடை போட்டுட்டேன்டா.

— இப்பவாவது தராசைச் சரி பண்ணு.

— எவ்வளவுக்கு எழுதின?

— வாடகையை ஏத்தி நோட்டீஸ் விட்டாரே, அதுல கேட்ட அதே அறுபதாயிரம். 'சொன்னதைத் தர்றேன், பேரம் இல்ல'ன்னேன். இருந்த கோவமெல்லாம் போய்க் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். நானே யோசிச்சு நானே சொன்ன விலை, அக்கா. ஏன் சிரிக்கிற?

— நேத்து என் பையன் பேரைக் கேட்டதும் ஹெட்போனை என்ன பண்ணின?

— புடுங்கி டப்பாவுக்குள்ள போட்டேன். அதுக்கு மேல கேக்கப் பொறுக்கல.

— நீ போட்டதும் எனக்குச் சத்தம் திரும்பி வந்துச்சுடா. அவர் பேச்சோட மிச்சத்தை நான் கேட்டேன். 'மாசம் நாப்பதாயிரம் போதும்'னார்.

— நாப்பதா? அங்கேயே முடிஞ்சதுன்னா இன்னிக்கு என்னை எதுக்கு அழச் சொன்ன?

— முப்பத்தஞ்சுக்கு இறக்க.

— என்கிட்ட ஏன்க்கா சொல்லல?

— எழுதிக்கோ தம்பி. பேரு உன் காதுக்கு வந்துச்சு, விலை என் காதுக்கு வந்துச்சு. நாப்பதுக்கு மேல மாசம் இருபதாயிரம், பத்து வருஷத்துக்கு. சீட்டுல ஒரே ஒரு பேர்தான் இருக்கு, அதனால இந்த நஷ்டத்துல என் பங்கு சைபர்.