உள்ளே இருட்டாக இருந்தால் வெற்றி

இந்த அறைக் கதவு சரியாகச் சாத்துவதில்லை, கவனித்தீர்களா ஐயா? கீல் தளர்ந்திருக்கிறது. ஒரு திருப்புளி கொடுத்தால் நானே முடுக்கிவிடுவேன். கதவைக் கண்டால் சும்மா இருக்க முடியாத ஜென்மம் நான். சம்பளமே அதற்குத்தான் வாங்கினேன்.

என் கதவுகள் கண்ணுக்குத் தெரியாதவை. செல்லுக்கு நடுவில் உட்கரு என்று ஓர் உள்ளறை உண்டு. பரம்பரைத் தகவலெல்லாம் அங்கேதான் பத்திரமாக இருக்கும். அதன் சுவர் நெடுக வாசல்கள். ஒவ்வொன்றும் எட்டு இதழ் வைத்த வளையம். பலகையோ தாழ்ப்பாளோ கிடையாது, நடுவில் புரதச் சரடுகள் கொழகொழவென்று பின்னிக் கிடக்கும். மூலக்கூறுகளில் பொடிசுகள் தாமாகவே நுழைந்துவிடும். பெரிய ஆட்களுக்கு அடையாளச் சீட்டு வேண்டும், கைபிடித்துக் கூட்டிப்போக ஒரு துணையும் வேண்டும். உள்ளே எழுதப்படும் ஆணைகளும் இதே வாசல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் செல் பட்டினி கிடந்து சாகும். இதை வகுப்பு வகுப்பாகப் பாடம் நடத்தியவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். வண்டி தாமதம் என்பதைக்கூட நல்ல சேதி மாதிரிச் சொல்லுவாள், ஜனங்கள் கோபப்பட மறந்துவிடுவார்கள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். எனக்குக் கல்யாணம் ஆகாததால் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்பாள்.

"என்னடா, இன்னிக்கும் வாசல்லயே நின்னுட்டு வந்துட்டியா? உள்ள விடலையா?"

"அடையாளச் சீட்டு இல்லன்னு தொரத்திட்டாங்கக்கா."

"பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் இதையேதான சொன்னாங்க."

அந்தக் குரலில்தான் நோய் முதலில் கை வைத்தது. ஒலிபெருக்கியில் 'தாமதமாக' என்ற சொல் வழுக்கியது. பிறகு விரல்கள், பிறகு கால்கள். நரம்பு நோய். புத்தி மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும், அதுதான் அதன் குரூரம். நரம்புச் செல்லின் வாசல்கள் ஒருமுறை கட்டியதோடு சரி, பெரும்பாலும் ஆயுசுக்கும் மாற்றமாட்டார்கள். இந்த நோயில் அவை ஒழுக ஆரம்பிக்கும். கண்டதெல்லாம் உள்ளே போகும்.

என் மேசையில் அப்போது ஒரு கலவை இருந்தது. சரடுகளை இறுக்கும். சோதிப்பது எளிது. வாசலில் நுழைய முடியாத பெரிய ஒளிரும் சாயத்தைச் செல்லுக்குள் விடுவோம். ஒழுகும் வாசலென்றால் உட்கரு பளிச்சென்று எரியும். கெட்டியான வாசலென்றால் இருட்டாக இருக்கும். இருட்டைப் பார்த்துக் கைகுலுக்கிக்கொள்ளும் ஒரே கூட்டம் நாங்கள்தான். என் கலவை போட்ட செல்களெல்லாம் அமாவாசை.

அக்காவிடம் சொன்னேன்.

"எலிக்குக் குடுத்துப் பாத்தியா?" அப்போதே சொற்கள் குழறின.

"இன்னும் இல்லக்கா."

"அப்ப மொதல்ல அதுக்குக் குடு. நான் வரிசையில நிக்கிறேன்." சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "வேண்டாம்டா. எனக்கு மிச்சம் இருக்கற பேச்சு போதும். அதுல கை வெக்காத."

அன்றே ஒரு ஏற்பாடும் செய்தாள். பேச்சு நின்றுபோனால், கண்ணைச் சிமிட்டினால் சரி, இறுக்க மூடிக்கொண்டால் வேண்டாம். "மறந்துடாத, மரமண்டை," என்றாள்.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வருஷங்கள் ஆகும். அவளிடம் வருஷங்கள் இல்லை. காலைப் பாலில் கலந்தேன். பாலைக் குடித்துவிட்டு, சர்க்கரை போடத் தெரியாதவனுக்கு எவள் கழுத்தை நீட்டுவாள் என்று குழறலோடு திட்டினாள். அதுதான் நான் கேட்ட கடைசி முழு வாக்கியம்.

சில நாளில் அமைதியாகிவிட்டாள். முனகல் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. குணம் தெரிகிறது என்று நினைத்தேன். இருட்டைக் கண்டால் சந்தோஷப்பட்டே பழகிய கண் அல்லவா?

பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் பெண் ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். "சார், உள்ள போகலன்னு மட்டும்தான பாத்தீங்க? வெளிய வருதான்னு பாக்கலையே. அடைச்சுப்போன வாசலும் இருட்டாத்தான் சார் இருக்கும்."

அவளே ஆணைகளுக்கு நிறம் ஏற்றிக் காட்டினாள். நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தேன். வெளியேறும் வழி அடைபட்ட ரயில் நிலையம் மாதிரி அத்தனையும் உட்கருவுக்குள்ளேயே நெருக்கியடித்து நின்றன. ஓரத்துச் செல்கள் சுருங்கத் தொடங்கியிருந்தன. நான் ஒழுகலை அடைக்கவில்லை. வாசலையே பூசிவிட்டேன்.

"நல்ல வேளை சார், இன்னும் யாருக்கும் குடுக்கல," என்றாள்.

"ஆமாம்மா," என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையும் பாலில் கலந்தேன். கொஞ்சம் கூடுதலாகவே. ஏன் என்று கேட்கிறீர்கள். நிறுத்தினால் அதுவரை கொடுத்ததெல்லாம் விஷமாகிவிடும் ஐயா. கொடுத்துக்கொண்டே இருக்கும் வரை அது மருந்து. இந்தக் கணக்கை யாரிடமாவது சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பார்கள். சொல்லிச் சிரிக்க வீட்டில் ஒருத்திதான் இருந்தாள், அவளால் பேச முடியவில்லை.

அக்கா போய்ச் சேர்ந்த அன்று, நோய் திடீரென்று வேகமெடுத்துவிட்டது என்றார் மருத்துவர். போத்தலில் கலவை குறைவதைக் கவனித்து அந்தப் பெண் உங்களிடம் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. கெட்டிக்காரி, நன்றாக வருவாள்.

எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்தது நான்தான். தெரிந்த பிறகும் கொடுத்தேன். ஆனால் 'கட்டாயப்படுத்தி' என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் டம்ளரோடு போகும்போதெல்லாம் பாவம், அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருப்பாள். தூக்கக் கலக்கம். கன்னத்தை மெதுவாக அழுத்தி வாயைத் திறந்து, சொட்டுச் சொட்டாக ஊட்டுவேன். ஒரு தடவைகூட அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை.