ஆறு குப்பிகளைக் கொட்டியது நான்

வயது அறுபத்தெட்டு. ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர். நான் உதவிக்குப் போகும் ஆய்வகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, மகள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். குப்பிகளைக் கொட்டியது நான்தான் என்றதும் இன்ஸ்பெக்டர் கேட்டார்: "முப்பது வருஷம் பாடம் நடத்தினவரு, ஒரு வார்த்தை கேக்காமயா சார் கொட்டுவீங்க?" அதற்கு ஒரு வரியில் பதில் வராது என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

பாக்டீரியா இரும்பைச் சேமித்து வைக்கும் புரதத்தைப் பற்றித்தான் குற்றம் சாட்டப்பட்டுள்ள பெண்ணின் ஆராய்ச்சி. அதனால் ஆய்வகத்தில் அவரை 'துரு' என்று கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். அந்தப் புரதம் உள்ளே வெற்றிடமுள்ள ஒரு பந்து. உரித்த ஆரஞ்சில் சுளைகள் சேர்ந்திருப்பதுபோல் இருபத்து நான்கு துண்டுகள் சேர்ந்து ஒரு பந்தாகும். உள்ளே இரும்பு பத்திரமாக இருக்கும். பன்னிரண்டே துண்டுகள் கொண்ட சிறிய வகையும் உண்டு. எதுவானாலும் ஒரு பந்தில் எல்லாச் சுளைகளும் ஒரே அச்சு என்றே நான் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஒரே பந்தில் இரண்டு வகைச் சுளைகள் கலந்திருப்பதாகத் துரு கண்டார். ஆய்வக இயக்குநர் நம்பவில்லை. இரண்டு புரதங்களை வேண்டுமென்றே கலந்து முடிவை உண்டாக்கினார் என்று சொல்லி, அந்தப் புரதம் இருந்த ஆறு குப்பிகளையும் திங்கட்கிழமை விசாரணைக் குழுவிடம் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது.

நான் வாரம் மூன்று நாள் சம்பளமில்லாமல் போய்க் குளிர்பெட்டிகளை ஒழுங்கு செய்வேன். அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில், பதிவேட்டில் ஏறாத ஆறு குப்பிகளை மேல்தட்டில் பார்த்தேன். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி எடுத்து, மருந்து சேர்த்துக் கொதிக்கவைத்து, ஜெல் என்ற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டினேன்; அதில் ஒவ்வொரு வகைத் துண்டும் ஒரு பட்டையாகத் தெரியும். கொதிக்கவைத்தால் பந்து உதிர்ந்து துண்டுகள் தனித்தனியாகும். ஒரு பட்டை வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்தன. புரதம் கெட்டு உடைந்துவிட்டது என்று முடிவு செய்தேன். கெட்டதை வைத்திருந்தால் அடுத்தவன் ஏமாறுவான் என்பது என் எண்ணம். அதன் பிறகு ஆறையும் தொட்டியில் கொட்டி, குப்பிகளைக் கழிவுக்கூடையில் போட்டுவிட்டு, பதிவேட்டிலும் எழுதாமல், அக்காளுக்குக் கண் அறுவை என்பதால் அன்றே ஊருக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து வந்தபோது, ஆதாரத்தை அழித்ததாகத் துரு மேல் புகார் கொடுக்கப்பட்டு, அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தார். மகளிடம் சொன்னேன். "அப்பா, வேலியில போற ஓணான எடுத்து காதுல விட்டுக்காதீங்க. உங்கள யாரு கேட்டா?" என்றாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் துருவின் வீட்டுக்குப் போனேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த சட்டையை மூன்று தடவை மடித்துப் பிரித்தார். கோபிக்கவில்லை.

"ஒடஞ்சதுன்னா ஆறு குப்பிலயும் ஒரே எடத்துலயா சார் ஒடையும்?"

சட்டையைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததையும் அவரே கேட்டார்.

"கொதிக்க வைக்காம ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"பாத்திருந்தா ஒரே பட்ட வந்திருக்கும். ரெண்டு புரதத்த நான் கலந்திருந்தா அங்கயும் ரெண்டு வந்திருக்கணும். பந்து ஒண்ணு, சுளதான் ரெண்டு வகை. அந்தப் பாக்டீரியா அப்படித்தான் கட்டுது. இரும்பு கொறஞ்சா ஒரு வக கூடும், நெறஞ்சா இன்னொண்ணு கூடும்." பிறகு, "உங்க பாடத்துல நான் தொண்ணூறு மார்க் சார், அதான் எனக்கே ரொம்ப நாள் சந்தேகமா இருந்துச்சு" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

துரு எனக்கு உறவில்லை. அவருக்காகப் பேச என்னை யாரும் தூண்டவில்லை. குப்பிகள் காலியானதில் அவருக்குப் பங்கில்லை. சொன்னதை எழுத்தர் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் கலக்கவில்லை. கையொப்பமிடுமுன் விசாரிப்பவர்களுக்காக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: ஆய்வக உறைகுளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் அந்தப் பாக்டீரியா உறைந்த நிலையில் உயிரோடு இருக்கிறது; அதை வேறோர் ஆய்வகத்தில் வளர்த்து, புரதத்தைப் பிரித்து, கொதிக்கவைக்காமல் ஒருமுறையும் கொதிக்கவைத்து ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள்.

(ஒப்பம்)